ஜாவாவில் தொகுத்த கோப்புகளை ஒழுங்குபடுத்துவது எப்படி: கிளாஸ் கோப்பு முதல் மொடியூல் வரை

சிறுபோக விதைப்புக்கு முன், ஒரு கமக்காரர் அமைப்பினர் கேட்டுக்கொண்டதற்காக, எந்த வாய்க்காலுக்கு எந்த நாளில் தண்ணீர் என்ற முறைக்கணக்கை வைத்திருக்கும் சிறிய செய்நிரல் ஒன்றை ஜாவாவில் எழுதினேன். கிளிநொச்சியில் என் மடிக்கணினியில் அது பிசகில்லாமல் ஓடியது. பென் டிரைவில் எடுத்துப் போய் அவர்களுடைய அலுவலகக் கணினியில் போட்டபோது ஒரு வரிகூட ஓடவில்லை. ‘அன்சப்போட்டட் கிளாஸ் வேர்ஷன் எரர்’ என்ற வழுவும், அதற்குள் 65.0, 52.0 என்ற இரண்டு எண்களும் மட்டும் திரையில் நின்றன. மூலநிரலில் பிழை எதுவும் இல்லை. பிழை, தொகுத்த கோப்புகளை நான் அணியப்படுத்திய விதத்தில் இருந்தது.

உயர்தரத்தில் பைத்தன் படித்துவிட்டு ஜாவாவுக்கு வரும் மாணவர்கள் என்னிடம் அதிகம் தடுமாறும் இடமும் இதுவே. பைத்தனும் உள்ளே தொகுக்கத்தான் செய்கிறது. ஆனால் தொகுத்ததைத் தானே ஒரு கோப்புறையில் ஒதுக்கி வைத்துக்கொள்வதால் எழுதுபவர் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஜாவாவில் நாம் இன்னொருவருக்குக் கொடுப்பது தொகுத்த கோப்பையே, அதாவது கிளாஸ் கோப்பையே. அதன் பெயர், அது இருக்கும் இடம், அதற்குள் எழுதப்பட்டிருக்கும் பெயர் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால், எவ்வளவு திறமாக எழுதிய நிரலும் ஓடாது. அறிவியல்நகரிலோ பம்பைமடுவிலோ முதலாம் ஆண்டு படிக்கும் ஒருவர் தன் கணினியில் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே வாசிக்கும் விதமாக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

ஒரு குறிப்பை முதலில் சொல்லிவிட வேண்டும். கட்டளைகளையும் ஜாவாவின் ஒதுக்கிய சொற்களையும் .ஜாவா, .கிளாஸ் போன்ற கோப்பு நீட்சிகளையும் இங்கே தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்துத் தருகிறேன். தட்டும்போது அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். பொதி (பேக்கேஜ்), வகுப்பு (கிளாஸ்) ஆகியவற்றுக்கு நாம் வைக்கும் பெயர்கள் தமிழாகவே இருக்கலாம், ஜாவா அதை முழுமையாக ஏற்கிறது. நான் பாவிப்பது உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம். அதில் தமிழ்ப் பெயர்கள் அப்படியே வேலை செய்கின்றன. விண்டோஸில் கட்டளை வரியில் தட்டும் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாக மாறிவிடக்கூடும் என்பதால், அங்கே பயில்பவர்கள் பெயர்களை ஆங்கில எழுத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

முதலாம் படி: மூலத்தையும் தொகுத்ததையும் பிரித்து வையுங்கள்

புதிதாகப் பழகுபவர்கள் மூலக்கோப்பு இருக்கும் இடத்திலேயே கிளாஸ் கோப்பையும் விழவிடுகிறார்கள். இரண்டு வகுப்புகள் உள்ளவரை அது தொல்லை தராது. இருபது வகுப்புகள் ஆனதும், பெயர் மாற்றிய ஒரு வகுப்பின் பழைய கிளாஸ் கோப்பு எங்கோ ஓர் ஓரத்தில் கிடந்து, நீக்கிவிட்டதாக நாம் நினைத்த நிரலை இன்னமும் ஓட்டிக்கொண்டிருக்கும். ஆகவே தொடக்கத்திலேயே இப்படி அமையுங்கள்:

நீர்க்கணக்கு/மூலம்/வன்னி/நீர்/குளம்.ஜாவா
நீர்க்கணக்கு/மூலம்/வன்னி/பங்கீடு/முறை.ஜாவா
நீர்க்கணக்கு/மூலம்/வன்னி/செயலி/தொடக்கம்.ஜாவா
நீர்க்கணக்கு/வெளி/

குளம்.ஜாவா கோப்பின் முதல் வரி ‘பேக்கேஜ் வன்னி.நீர்;’ என்று இருக்க வேண்டும். பொதியின் பெயரில் புள்ளியால் பிரிக்கப்படும் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கோப்புறை என்பது கணக்கு. பின்பு நீர்க்கணக்கு கோப்புறையில் நின்றுகொண்டு தொகுப்பானை அழையுங்கள்:

ஜாவாசி -டி வெளி மூலம்/வன்னி/நீர்/*.ஜாவா மூலம்/வன்னி/பங்கீடு/*.ஜாவா மூலம்/வன்னி/செயலி/*.ஜாவா

‘-டி வெளி’ என்ற தெரிவு, வெளி கோப்புறைக்குள் வன்னி, நீர் போன்ற கோப்புறைகளைத் தானே உண்டாக்கி, உரிய இடத்தில் கிளாஸ் கோப்புகளை வைக்கும். வெளி கோப்புறையை எந்த நேரமும் முழுமையாக அழித்துவிட்டு மறுபடி உண்டாக்க முடிய வேண்டும். அதற்குள் கையால் எதையும் வைக்காதீர்கள்.

மாணவர்கள் செய்யும் இன்னொரு தவறையும் இங்கே சொல்ல வேண்டும். இரணைமடுவுக்கு ஒரு வகுப்பு, வவுனிக்குளத்துக்கு ஒரு வகுப்பு, முத்தையன்கட்டுக்கு ஒரு வகுப்பு என்று எழுதிவிடுகிறார்கள். இவை யாவும் குளம் என்ற ஒரே வகுப்பின் பொருள்கள். வகுப்பு கூடினால் கிளாஸ் கோப்பும் கூடும். தரவு கூடினால் கூடாது.

இரண்டாம் படி: கிளாஸ் கோப்பைத் திறந்து பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒருமுறை உள்ளே பார்த்தவருக்குப் பின்னால் வரும் வழுக்களில் பாதி தானாக விளங்கிவிடும். எக்ஸ்எக்ஸ்டி என்ற கட்டளையால் குளம்.கிளாஸ் கோப்பைப் பதினறும எண்களாகப் பார்த்தால் முதல் எட்டு பைட்டுகள் இப்படி வரும்:

சிஏ எஃப்இ பிஏ பிஇ 00 00 00 41

முதல் நான்கு பைட்டுகள் எல்லா ஜாவா கிளாஸ் கோப்புக்கும் பொதுவான அடையாளம். சேர்த்து வாசித்தால் ‘கஃபே பேப்’ என்று ஒலிக்கும். அடுத்த இரண்டும் சிறு பதிப்பு எண், அதற்கு அடுத்த இரண்டும் பெரும் பதிப்பு எண். பதினறும 41 என்பது 4 பதினாறும் ஒன்றும், அதாவது 65. அன்று அலுவலகத்தில் திரையில் நின்ற 65 இதுதான். ஜாவாவின் பதிப்போடு 44ஐக் கூட்டினால் இந்த எண் வரும்: ஜாவா 8க்கு 52, 11க்கு 55, 17க்கு 61, 21க்கு 65. நான் ஜாவா 21இல் தொகுத்தேன், அவர்களிடம் இருந்தது ஜாவா 8. பழைய கிளாஸ் கோப்பைப் புதிய ஜாவா ஓட்டும்; புதியதைப் பழையது தொடவும் மாட்டாது.

பதிப்பு எண்ணை அடுத்து வருவது மாறிலித் தொகுதி. இந்த வகுப்பு குறிப்பிடும் பிற வகுப்புகளின் பெயர்கள், மெதட்களின் பெயர்கள், சரங்கள், பெரிய எண்கள் யாவும் அங்கே இலக்கமிட்டு அடுக்கப்பட்டிருக்கும். ‘ஜாவாபி -வி’ என்ற கட்டளை அதை வாசிக்கத்தக்க வடிவில் காட்டும். நம் வகுப்பின் பெயர் அங்கே ‘வன்னி/நீர்/குளம்’ என்று சாய்கோட்டோடு நிற்கும். மூலத்தில் இருந்த புள்ளி கோப்பினுள் சாய்கோடாகிவிடுகிறது. தமிழின் ஒவ்வொரு குறியீடும் அங்கே மூன்று பைட் பிடிக்கும். ‘குளம்’ நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கு அது க, உகரக் குறி, ள, ம, புள்ளி என ஐந்து குறியீடு, ஆகவே 15 பைட். முழுப்பெயர் 44 பைட்.

தமிழில் பெயர் வைப்பவர்கள் அறிய வேண்டிய பொறி ஒன்று இங்கே இருக்கிறது. ‘கொள்ளளவு’ என்ற பெயரின் முதலெழுத்தை இரண்டு விதமாக உள்ளிடலாம்: ககரமும் ஒகரக் குறியும் என்பது ஒரு விதம், ககரம், எகரக் கொம்பு, கால் என்று மூன்று குறியீடாகப் போடுவது மற்றொரு விதம். திரையில் இரண்டுக்கும் வேறுபாடே தெரியாது. ஜாவா குறியீடுகளை அப்படியே ஒப்பிடுவதால், இவை இரண்டு வேறு பெயர்கள். ஒரு விசைப்பலகையில் எழுதிய வகுப்பை வேறு விசைப்பலகையில் எழுதிய கோப்பு தேடும்போது, கண்முன்னே இருக்கும் வகுப்பைக் காணவில்லை என்று தொகுப்பான் சொல்லும். ஒரு குழுவாக எழுதுபவர்கள் ஒரே உள்ளீட்டு முறையை வைத்துக்கொள்வது நல்லது.

மாறிலித் தொகுதியைப் பார்த்த பின் ஒன்றைக் கவனியுங்கள். முறை.கிளாஸ் கோப்பினுள் குளம் வகுப்பின் நிரல் எதுவும் இல்லை, அது நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்ற முகவரியும் இல்லை. பெயர் மட்டுமே இருக்கிறது. சி மொழியில் தொகுத்த கோப்புகளை இணைப்பான் முன்கூட்டியே பிணைத்து ஒரே செயலியாக்கித் தரலாம். ஜாவாவில் அந்தப் பிணைப்பு ஓடும் நேரத்தில், குறித்த வகுப்பு தேவைப்படும் கட்டத்தில், பெயரைக் கொண்டு தேடித்தான் நடக்கிறது. அடுத்து வரும் படிகள் எல்லாம் இந்த ஓர் உண்மையிலிருந்து பிறப்பவை.

மூன்றாம் படி: டொலர் குறியுள்ள கோப்புகளை விட்டுவிடாதீர்கள்

ஒரு மூலக்கோப்பிலிருந்து ஒரு கிளாஸ் கோப்புத்தான் வரும் என்று எண்ண வேண்டாம். குளம் வகுப்புக்குள் வாய்க்கால் என்ற உள்வகுப்பு இருந்தால் குளம்$வாய்க்கால்.கிளாஸ் என்று தனிக் கோப்பு உருவாகும். பெயரில்லாத உள்வகுப்பு குளம்$1.கிளாஸ் ஆகும். லாம்டாவுக்கு (பெயரில்லாமல் அந்த இடத்திலேயே எழுதும் சிறு செயற்பாட்டுக்கு) இப்படித் தனிக்கோப்பு வராது. கையால் நகலெடுத்துக் கொண்டுபோகும் பலர் இந்தக் கோப்புகளைக் குப்பை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

நான்காம் படி: எங்கே தேடுகிறது என்று அறிந்துகொள்ளுங்கள்

ஓட்டும் கட்டளை இது:

ஜாவா -சிபி வெளி வன்னி.செயலி.தொடக்கம்

‘-சிபி’ என்பது கிளாஸ்பாத், அதாவது தேடும் இடங்களின் வரிசை. ஜாவா ‘வெளி’ என்பதோடு வன்னி/செயலி/தொடக்கம்.கிளாஸ் என்ற வழியைச் சேர்த்துத் தேடுகிறது. ஆகவே கிளாஸ்பாத்தில் கொடுக்க வேண்டியது பொதிக் கோப்புறைகள் தொடங்குவதற்கு முந்திய இடம். வெளி/வன்னி/நீர் கோப்புறைக்குள்ளேயே போய் நின்றுகொண்டு ‘ஜாவா குளம்’ என்று தட்டினால், கோப்பு கண்முன்னே இருந்தும் ‘ரோங் நேம்’ என்ற வழு வரும். ஏனெனில் கோப்பு தன்னை வன்னி/நீர்/குளம் என்கிறது, நீங்கள் அதை வெறும் குளம் என்று அழைக்கிறீர்கள்.

பல இடங்களைக் கொடுக்கும்போது லினக்ஸில் முக்காற்புள்ளியாலும் விண்டோஸில் அரைப்புள்ளியாலும் பிரிக்க வேண்டும். ‘-சிபி’ கொடுக்காவிட்டால் நடப்புக் கோப்புறையில் தேடும்; கொடுத்துவிட்டால் நடப்புக் கோப்புறையை நீங்களே சேர்த்தால்தான் உண்டு. ஒரே பெயரில் இரண்டு வகுப்புகள் இருந்தால் வரிசையில் முதலில் வருவது எடுக்கப்படும், மற்றது இருப்பதாகவே ஜாவா சொல்லாது.

இரண்டு வழுக்களைப் பிரித்தறியப் பழகுங்கள். ‘கிளாஸ் நொட் ஃபவுண்ட் எக்செப்ஷன்’ என்றால், ஓடும்போது பெயரைச் சொல்லி ஒரு வகுப்பைக் கேட்டீர்கள், அது கிடைக்கவில்லை. ‘நோ கிளாஸ் டெஃப் ஃபவுண்ட் எரர்’ என்றால், தொகுக்கும்போது இருந்த வகுப்பு ஓடும்போது கிடைக்கவில்லை, அல்லது அதைத் தொடக்கிவைக்கும் முயற்சி முன்னர் ஒருமுறை தோற்றுவிட்டது. முதலாவதற்குப் பெயரைப் பாருங்கள், இரண்டாவதற்கு நீங்கள் கொண்டுவந்த கோப்புகளைப் பாருங்கள்.

ஐந்தாம் படி: பாதி மட்டும் தொகுப்பதில் உள்ள ஆபத்து

மாற்றிய கோப்பை மட்டும் மறுபடி தொகுத்தால் போதும் என்பது பெரும்பாலும் உண்மை. ஆனால் இரண்டு இடங்களில் அது நம்மை ஏமாற்றும்.

முதலாவது எனக்கு நேர்ந்தது. முறை வகுப்பில், ஒரு வாய்க்காலுக்கு எத்தனை நாளுக்கு ஒரு தடவை தண்ணீர் என்பதை ‘ஸ்டாட்டிக் ஃபைனல் இன்ட் முறைநாள் = 7;’ என்று எழுதியிருந்தேன். குளத்தில் நீர்மட்டத்தைப் பார்த்து அமைப்பினர் அதை 5 ஆக்கச் சொன்னார்கள். மாற்றினேன், முறை.ஜாவாவை மட்டும் தொகுத்தேன், கொடுத்தேன். வாய்க்கால் பட்டியல் ஐந்து நாள் என்றும், அச்சிட்ட அறிவித்தல் ஏழு நாள் என்றும் காட்டின. இரண்டும் வாசிப்பது ஒரே மாறிலியை என்று நான் நம்பியிருந்தேன். உண்மையில், தொகுக்கும்போதே பெறுமதி தெரிந்த இப்படிப்பட்ட மாறிலியைத் தொகுப்பான் பெயராக வைப்பதில்லை. அதைப் பாவிக்கும் ஒவ்வொரு வகுப்பினுள்ளும் எண்ணாகவே எழுதிவிடுகிறது. அறிவித்தல் வகுப்பின் கிளாஸ் கோப்பில் 7 பதிந்து கிடந்தது. தண்ணீர் நாள் பிழைத்தால் வயலில் நிற்பவருக்கு அது சின்ன விடயம் அல்ல. அறிவித்தலை ஒட்டுவதற்கு முன் ஒரு பெரியவர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்ததால் தப்பினோம். மாறக்கூடிய பெறுமதியை மாறிலியாக வைக்காமல், திருப்பித் தரும் ஒரு மெதட்டாக எழுதுங்கள். மெதட் அழைப்பு பெயராகவே நிற்கும், ஓடும்போதுதான் தேடப்படும்.

இரண்டாவது, மெதட்டின் வடிவம் மாறுவது. கிளாஸ் கோப்பில் ஒரு மெதட் அதன் பெயரால் மட்டுமல்லாமல், அது வாங்கும், தரும் தரவு வகைகளாலும் அறியப்படுகிறது. இன்ட் ஒன்றை வாங்கி எதையும் தராத மெதட் ‘(ஐ)வி’ என்று பதியப்படும். அந்த இன்ட்டை லோங் ஆக்கினால் ‘(ஜே)வி’ ஆகிவிடும். மூலத்தில் பார்த்தால் அழைக்கும் வரியில் எந்த மாற்றமும் வேண்டியதில்லை. ஆனால் மறுபடி தொகுக்காத பழைய கோப்பு ‘(ஐ)வி’ ஐத் தேடி, ‘நோ சச் மெதட் எரர்’ என்று நிற்கும். சிறிய செய்நிரல்களுக்கு என் முடிவு இதுதான்: வெளி கோப்புறையை அழித்துவிட்டு எல்லாவற்றையும் தொகுங்கள். சில விநாடிகள்தான் செல்லும்.

ஆறாம் படி: ஜாராகக் கட்டுங்கள்

ஜார் என்பது ஸிப் வடிவிலான ஒரு கட்டு. உள்ளே அதே கோப்புறை அமைப்பும், மெட்டா-இன்ஃப் கோப்புறையில் மேனிஃபெஸ்ட் என்ற ஒரு குறிப்புக் கோப்பும் இருக்கும்.

ஜார் --கிரியேட் --ஃபைல் முறைக்கணக்கு.ஜார் --மெயின்-கிளாஸ் வன்னி.செயலி.தொடக்கம் -சி வெளி .

கட்டளையின் கடைசியில் உள்ள புள்ளியைத் தவறவிட வேண்டாம். ‘-சி வெளி’யில் உள்ள சி பெரிய எழுத்து. இதை ‘ஜாவா -ஜார் முறைக்கணக்கு.ஜார்’ என்று ஓட்டலாம். ‘-ஜார்’ கொடுக்கும்போது ‘-சிபி’ புறக்கணிக்கப்படும் என்பதால், வேறு ஜார்கள் தேவைப்பட்டால் அவற்றை மேனிஃபெஸ்டில் கிளாஸ்-பாத் என்ற வரியில், இந்த ஜார் இருக்கும் இடத்தை வைத்துக் குறிப்பிட வேண்டும்.

பழைய ஜாவா உள்ள கணினிக்குக் கொடுப்பதாயின் ‘--ரிலீஸ் 8’ என்ற தெரிவோடு தொகுங்கள். பழைய ‘-டார்கெட்’ தெரிவு பதிப்பு எண்ணை மட்டும் குறைக்கும். ஜாவா 8இல் இல்லாத மெதட்டை நீங்கள் அழைத்திருந்தால் அதைக் கண்டுபிடிக்காது. சரத்தின் ‘இஸ் பிளாங்க்’ ஜாவா 11இல் வந்தது. ‘--ரிலீஸ் 8’ அதைத் தொகுக்கும்போதே மறித்துவிடும். பயணம் போன பின் தெரிவதைவிட வீட்டில் தெரிவது மேல்.

ஏழாம் படி: மொடியூலாகப் பிரியுங்கள்

கிளாஸ்பாத்துக்கு இரண்டு குறைகள் உண்டு. தேவையான ஜார் இல்லை என்பது ஓடி நடுவழியில்தான் தெரியும். மேலும், பப்ளிக் என்று எழுதிய வகுப்பு எல்லோருக்கும் திறந்ததாகிவிடும். தன் பொதிகளுக்கு இடையே மட்டும் பகிர்ந்துகொள்ள வழியில்லை. 2017இல் வந்த ஜாவா 9, மொடியூல் முறையால் இவற்றைத் தீர்த்தது. மொடியூல் என்பது தனக்கு எது தேவை, எதை வெளியே தருகிறது என்று அறிவிக்கும், பெயரிட்ட ஒரு பொதிக் கூட்டம். ஜாவா தன்னுடைய சொந்த நூலகத்தையும் அப்போதே ஜாவா.பேஸ் முதலான மொடியூல்களாகப் பிரித்துக்கொண்டது. ‘ஜாவா --லிஸ்ட்-மொடியூல்ஸ்’ என்று தட்டினால் பட்டியல் வரும்.

மூலம் கோப்புறைக்குள் மொடியூல் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்புறை வையுங்கள்: வன்னி.நீர், வன்னி.பங்கீடு, வன்னி.செயலி. ஒவ்வொன்றின் தலைவாசலிலும் மொடியூல்-இன்ஃபோ.ஜாவா என்ற கோப்பு இருக்கும். அதன் கீழே பழையபடி வன்னி/நீர் என்று பொதிக் கோப்புறைகள் தொடரும். பங்கீட்டுக்குரியது இவ்வளவுதான்:

மொடியூல் வன்னி.பங்கீடு {
    ரிக்குவயர்ஸ் டிரான்சிட்டிவ் வன்னி.நீர்;
    எக்ஸ்போர்ட்ஸ் வன்னி.பங்கீடு;
}

ரிக்குவயர்ஸ் தேவையைச் சொல்கிறது. எக்ஸ்போர்ட்ஸ் ஒரு துருசு போன்றது: திறந்த பொதி மட்டுமே வெளியே பாயும், திறக்காத பொதியில் உள்ள வகுப்பு பப்ளிக் ஆனாலும் அணைக்கட்டுக்குள்ளேயே நிற்கும். டிரான்சிட்டிவ் ஏன் என்றால், பங்கீட்டின் மெதட்கள் குளம் வகுப்பை வாங்குகின்றன. அவற்றை அழைப்பவருக்கும் குளம் தெரிய வேண்டும். நீர் மொடியூலில் எக்ஸ்போர்ட்ஸ் வரி மட்டும் போதும். செயலி மொடியூலில் ‘ரிக்குவயர்ஸ் வன்னி.பங்கீடு;’ என்ற வரி மட்டும் போதும். பிறகு:

ஜாவாசி -டி வெளி --மொடியூல்-சோர்ஸ்-பாத் மூலம் --மொடியூல் வன்னி.நீர்,வன்னி.பங்கீடு,வன்னி.செயலி

ஜாவா --மொடியூல்-பாத் வெளி --மொடியூல் வன்னி.செயலி/வன்னி.செயலி.தொடக்கம்

இப்போது வெளி கோப்புறையில் வன்னி.நீர் மொடியூலை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். ஒரு வரிகூட ஓடுவதற்கு முன்பே, எந்த மொடியூல் இல்லை என்று பெயர் சொல்லி நின்றுவிடும். எனக்கு மொடியூல் முறை பிடித்துப்போனதற்கு இதுவே காரணம்.

இரண்டு தடைகளை நினைவில் வையுங்கள். ஒரே பொதியை இரண்டு மொடியூல்களில் பிரித்து வைக்க முடியாது. ஒன்றை ஒன்று வட்டமாகத் தேவைப்படுத்தவும் முடியாது; நீர் பங்கீட்டையும் பங்கீடு நீரையும் கேட்டால் தொகுப்பான் மறுக்கும். வட்டம் வந்தால், இரண்டும் கேட்கும் பகுதியை மூன்றாவது மொடியூலாக வெளியே எடுங்கள்.

எட்டாம் படி: ஜாவாவையும் சேர்த்துக் கொடுங்கள்

மொடியூல்-இன்ஃபோ ஜாவா 9க்கு முந்திய பதிப்புக்குத் தொகுபடாது. ஆகவே ‘--ரிலீஸ் 8’ வழியும் மொடியூல் வழியும் ஒன்றாகப் போகமாட்டா. இணைய வசதி சரியாக இல்லாத, யாரும் புதிய ஜாவா நிறுவித் தரப்போகாத ஒரு கணினிக்கு ஜேலிங்க் என்ற ஜாவாக் கருவி பொருத்தமானது. அது நம் மொடியூல்களையும், அவற்றுக்குத் தேவையான ஜாவா மொடியூல்களை மட்டும் எடுத்த ஒரு சிறிய ஜாவாவையும் ஒரே கோப்புறையில் சேர்க்கிறது:

ஜேலிங்க் --மொடியூல்-பாத் வெளி --ஆட்-மொடியூல்ஸ் வன்னி.செயலி --லோஞ்சர் முறைக்கணக்கு=வன்னி.செயலி/வன்னி.செயலி.தொடக்கம் --அவுட்புட் வழங்கல்

ஜாவா.பேஸ் மட்டும் தேவைப்படும் செய்நிரலுக்கு இது சில பத்து மெகாபைட்டில் அடங்கிவிடும். மொடியூல்-இன்ஃபோ இல்லாத பழைய ஜார்களை ஜேலிங்க் ஏற்காது. கொண்டுபோகும் கணினியின் இயங்குதளம் வேறானால், அந்த இயங்குதளத்துக்குரிய ஜாவாவின் ஜேமொட்ஸ் கோப்புறையையும் மொடியூல்-பாத்தில் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று: பென் டிரைவ்கள் பெரும்பாலும் லினக்ஸின் இயக்க அனுமதியைப் பேணாத வடிவில் இருக்கின்றன. வழங்கல் கோப்புறையை அப்படியே இழுத்துப் போட்டால், அதற்குள் உள்ள இயக்கக் கோப்புகளின் அனுமதி வழியில் தொலைந்துபோகலாம். எனவே முதலில் டார் கட்டளையால் ஒரே கோப்பாகக் கட்டி, அங்கே கணினியின் வன்வட்டில் வைத்து அவிழுங்கள். இரண்டாம் முறை அந்த அலுவலகத்துக்குப் போனபோது நான் அப்படித்தான் செய்தேன். அவர்களுடைய உபுண்டுவில் இருந்த ஜாவா 8 அப்படியே இருந்தது; வழங்கல்/பின் கோப்புறையில் இருந்த முறைக்கணக்கு தன்னோடு வந்த ஜாவா 21இல் ஓடி, வாய்க்கால் பட்டியலைக் காட்டியது.